ஒரு வாசகசாலையின் ஐந்து லேப்டாப்கள்: பயாஸை மாற்றிய கதையும் மாற்ற முடியாத கதையும்

பின்னணி

குளச்சலுக்கும் முட்டத்துக்கும் நடுவே உள்ள ஒரு கடற்கரை ஊரில், ஊர்க்காரர்களே நடத்துகிற வாசகசாலை ஒன்று இருக்கிறது. காலையில் பேப்பர் படிக்கப் பெரியவர்கள் வருவார்கள். சாயங்காலம் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறவர்கள், வளைகுடா வேலைக்கு பயோடேட்டா அடிக்கிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று கூட்டம் மாறிவிடும். செயலாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஊர்ப்பெயரையும் ஆட்களின் பெயரையும் இங்கே சொல்லவில்லை. லேப்டாப் எந்தக் கம்பெனி என்பதையும் விட்டுவிடுகிறேன்.

2025 ஏப்ரலில் வாசகசாலைக் கமிட்டி திருவனந்தபுரத்தில் பழைய லேப்டாப் விற்கிற கடையிலிருந்து ஒரே மாடலில் நான்கு வாங்கி வந்தது. 2012-இல் வெளிவந்த மாடல். 12.5 அங்குலத் திரை, மூன்றாம் தலைமுறை ஐ5 பிராசசர், 8 ஜிபி ரேம். அலுவலகங்களுக்கென்று செய்த வரிசை என்பதால் உடம்பு கெட்டி, கழற்றவும் எளிது. ஐந்தாவது லேப்டாப் லீவில் வந்த ஒரு வளைகுடாக்காரர் அன்பளிப்பாகக் கொடுத்தது. 13-ஆம் தலைமுறை இன்டெல், வீட்டு உபயோக வரிசை, விண்டோஸ் 11-ஓடு வந்தது. மெல்லிசாக, பளபளவென்று இருந்தது. பிள்ளைகள் எல்லாரும் அதைத்தான் சுற்றி நின்றார்கள்.

நான் தக்கலையில் லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறேன். செயலாளர் எனக்குப் பாடம் நடத்தியவர். "மக்கா, இந்த நாலும் அக்டோபருக்குப் பிறகு ஓடுமா ஓடாதா, அத மட்டும் சொல்லு" என்று போனில் கேட்டார். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிகிறது என்பதை அவர் பேப்பரில் படித்திருந்தார். விண்டோஸ் 11-ஓ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கும், இன்டெல்லில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்குக் கீழே எதையும் சேர்த்துக்கொள்ளாது. ஆக நான்கு பழைய லேப்டாப்புக்கும் லினக்ஸ்தான் என்று அன்றைக்கே பேசி முடித்தோம்.

லினக்ஸ் போட்டதும் பார்த்தது

மே மாத விடுமுறையில் நான்கிலும் டெபியன் 12 என்ற லினக்ஸ் போட்டோம். அந்த ஊரைச் சேர்ந்த, இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி கூடவே இருந்தான். டெபியன் 12-இலிருந்து இன்ஸ்டாலரிலேயே ஃபர்ம்வேர், அதாவது பாகங்களுக்குள் ஓடும் நிரல், கோப்புகளும் சேர்ந்து வருகின்றன. முன்பு மாதிரி வைஃபைக்காகத் தனி பென்டிரைவ் தேடி அலைய வேண்டியதில்லை. திரை வெளிச்சம், ஒலி, டச்பேட், மூடினால் தூங்கித் திறந்தால் எழுவது எல்லாம் எதையும் தொடாமலே வேலை செய்தன. தமிழ்99 விசைப்பலகையையும் சேர்த்துக் கொடுத்தோம். இந்தப் பகுதியில் சொல்வதற்கு வேறொன்றும் இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் பழகிய ஹார்டுவேர் என்றால் லினக்ஸ் இப்படித்தான் போகும்.

தொல்லை வைஃபையில் வந்தது. நான்கிலும் இருந்த கார்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் தெரிந்தது. வாசகசாலையைச் சுற்றி நெருக்கமாக வீடுகள், வீட்டுக்கு ஒரு ரவுட்டர், எல்லாமே அதே அலைவரிசையில். மாதிரித் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்து போகும். கழற்றிப் பார்த்தால் இரண்டு கார்டில் ஆன்டெனா வயர் மாட்டும் பொத்தான் உப்பு பூத்துப் பச்சையாக இருந்தது. கடற்கரை ஊரில் இது சகஜம். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், பூட்டு என்று எதையும் உப்புக்காற்று விடுவதில்லை. துடைத்தோம். கொஞ்சம் தேறியது, ஆனால் அறுவது நிற்கவில்லை.

1802

என் கடையின் டிராயரில் இரண்டு அலைவரிசையும் பிடிக்கிற ஏஆர்9462 கார்டுகள் மூன்று கிடந்தன. லினக்ஸில் ஏடிஎச்9கே டிரைவரில் ஓடுபவை. வைஃபைக்கென்று தனி ஃபர்ம்வேர் கோப்புகூடக் கேட்காது. அளவு பொருந்தியது. மாட்டினேன், பவர் போட்டேன். கறுப்புத் திரையில் 1802 என்று ஓர் எண். அனுமதி இல்லாத நெட்வொர்க் கார்டு செருகப்பட்டிருக்கிறது, அணைத்துவிட்டு அதைக் கழற்றவும் என்று கீழே ஒரு வரி. அதற்கு மேல் நகரவில்லை. லினக்ஸ் வரை போகவே விடவில்லை.

காரணம் எளிது. பவர் போட்டதும் லேப்டாப்பை எழுப்பி லினக்ஸையோ விண்டோஸையோ தொடங்கிவைக்கும் நிரல்தான் பயாஸ். அந்த பயாஸுக்குள் ஒரு பட்டியல் இருக்கிறது. தயாரிப்பாளர் ஒப்புக்கொண்ட கார்டுகளின் அடையாள எண்கள் அதில் உண்டு. அந்த எண் இல்லாத கார்டைப் பார்த்தால் இயந்திரம் பூட் ஆகாது. செயலாளர் திரையை ஒருமுறை வாசித்துவிட்டுக் கேட்டார்: "கார்டு நம்ம காசு, லேப்டாப்பும் நம்ம காசு. பின்ன யாருட்ட அனுமதி கேக்கணும்?"

எடுத்த முடிவும் அதன் காரணமும்

எங்கள் முன்னால் நான்கு வழி இருந்தன. பட்டியலில் உள்ள பழைய கார்டையே தேடி வாங்குவது ஒன்று. கிடைக்கும், ஆனால் இன்னொருவர் கழற்றிப் போட்டதாக இருக்கும். எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. இரண்டாவது, யுஎஸ்பி வைஃபை டாங்கிள். உண்மையைச் சொன்னால் இதுதான் மலிவான, போதுமான தீர்வு. பிள்ளைகள் கை பட்டால் ஒடியும், யுஎஸ்பி பொருத்துமிடம் ஒன்று குறையும் என்பதுதான் இதற்கு எதிராக நான் சொன்ன காரணம். மூன்றாவது, பயாஸைப் பழைய பதிப்புக்கு இறக்கி, அதில் உள்ள ஓட்டையைப் பயன்படுத்தி, பட்டியல் நீக்கிய பயாஸைச் சாப்ட்வேர் வழியாகவே ஏற்றுவது. நான்காவது கோர்பூட், அதாவது தயாரிப்பாளரின் பயாஸை எடுத்துவிட்டு அதன் இடத்தில் போடும் திறந்த மூல ஃபர்ம்வேர்.

கோர்பூட் புதிதல்ல. அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ரான் மின்னிச் 1999-இல் லினக்ஸ்பயாஸ் என்று தொடங்கியது. 2008-இல் கோர்பூட் என்று பெயர் மாறியது. குரோம்புக்குகள் இன்றைக்கும் அதில்தான் எழுகின்றன. நம் மாதிரி ஆட்களுக்கு அதில் உள்ள சிக்கல், எல்லா லேப்டாப்பிலும் போட முடியாது என்பது. எங்கள் நான்கிலும் போட முடிந்ததற்குக் காரணம் அவற்றின் வயதுதான். அந்தத் தலைமுறைக்கு ரேமை எழுப்புகிற நிரலும் திரையை எழுப்புகிற நிரலும் திறந்த மூலமாகவே எழுதப்பட்டுவிட்டன. அடுத்த தலைமுறையில், அதாவது 2013-இல் வந்த நான்காம் தலைமுறையில், இன்டெல் பூட் கார்டு (Boot Guard; செருகும் கார்டு அல்ல, காவல்) என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. தயாரிப்பாளர் தன் சாவியின் அடையாளத்தைச் சிப்புக்குள் எரித்துப் பூட்டிவிட்டால், அவர் கையெழுத்து இல்லாத ஃபர்ம்வேர் அதில் ஓடாது.

நான் கோர்பூட் பக்கம் சாய்ந்தேன். பட்டியல் தொலையும், பயாஸுக்கு அப்டேட் நின்றுபோன பழைய இயந்திரத்துக்குப் புதுப்பிக்கக்கூடிய ஃபர்ம்வேர் கிடைக்கும் என்று செயலாளரிடம் காரணம் சொன்னேன். அவை பொய்யல்ல. கூடவே, பல வருஷமாகச் செய்து பார்க்க ஆசைப்பட்ட வேலை என்பதும் ஒரு காரணம். அதை அவரிடம் சொல்லவில்லை. இப்போது எழுதும்போது மறைப்பதில் அர்த்தமில்லை.

செயலாளர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "ஒண்ண மட்டும் தொடாம வை." நான்காவது லேப்டாப் அப்படியே டாங்கிளோடு நின்றது. பின்னால் பார்த்தால், இந்த வேலை முழுவதிலும் எடுத்த நல்ல முடிவு அதுதான்.

கிளிப் வைத்த இரண்டு நாள்

ஜூலையில் மூன்றையும் என் கடைக்குக் கொண்டுவந்தோம். கீபோர்டைப் பிடித்திருக்கும் ஸ்குரூக்களில் பாதி துருவேறி இருந்தன. ஒன்றின் தலை வழுக்கிவிட்டது. அதன் மேல் ரப்பர் பேண்டு வைத்து அழுத்தித் திருகி எடுத்தோம். கீபோர்டும் கை வைக்கும் தட்டும் போனதும், கறுப்புப் பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் எட்டுக் கால் சிப் இரண்டு தெரியும். திரைப் பக்கம் இருப்பது 4 எம்பி, டச்பேட் பக்கம் இருப்பது 8 எம்பி. பிராசசருக்கு இரண்டும் சேர்ந்து ஒரே 12 எம்பியாகத் தெரியும். பயாஸின் முக்கியப் பகுதி மேலே உள்ள 4 எம்பியில். கீழே உள்ள 8 எம்பியில் இருப்பவை: எந்தப் பகுதி எங்கே என்று சொல்லும் அட்டவணை, ஈதர்நெட்டுக்கான சின்னப் பகுதி, 5 எம்பி அளவுக்கு இன்டெல் மேனேஜ்மென்ட் என்ஜின் என்கிற எம்இ (பிராசசரைச் சாராமல் பின்னணியில் தனியாக ஓடும் இன்டெல்லின் நிரல்), மிச்சம் பயாஸின் வால்.

சிப்பில் எழுத, மலிவாகக் கிடைக்கும் சிஎச்341ஏ புரோகிராமர் ஒன்று என்னிடம் இருந்தது. சிப்பின் கால்களைக் கவ்விப் பிடிக்கும் கிளிப்பை மாட்டுவதற்கு முன் தம்பி மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தான். "அண்ணே, டேட்டா லைன்ல அஞ்சு வோல்ட் காட்டுது." சிப் 3.3 வோல்ட்டுக்கானது. அந்தக் கறுப்பு நிறப் புரோகிராமரின் பேர்போன குறை அது. சிப்புக்குக் கொடுக்கும் மின்சாரம் 3.3 ஆக இருந்தாலும் டேட்டா கால்களில் 5 வரும். அதை ஓரமாக வைத்துவிட்டு ராஸ்பெர்ரி பை பிகோ என்ற சின்னப் பலகை ஒன்று வாங்கி, சிப்பைப் படித்து எழுதும் பிளாஷ்ராம் என்ற சாப்ட்வேரோடு சீரியல் வழியாகப் பேசும் நிரலை அதில் ஏற்றிப் பயன்படுத்தினோம். வயர்களைச் சாண் நீளத்துக்குள் வெட்டினோம். நீள வயரில் தப்புத் தப்பாகப் படிக்கும்.

முதல் லேப்டாப்பில் பேட்டரி, சார்ஜர் எல்லாம் கழற்றி, இரண்டு சிப்பையும் இரண்டிரண்டு முறை படித்தோம். இரண்டு படிப்பின் எஸ்எச்ஏ256 எண்ணும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான எண்) ஒன்றாக வந்தால் நகல் சரி என்று கணக்கு. வந்தது. மேல் சிப்பில், லினக்ஸைத் தேடித் தொடங்கிவைக்கும் சீபயாஸ் என்ற நிரலோடு சேர்த்துக் கட்டிய கோர்பூட். கீழ்ச் சிப்பில் எம்இ கிளீனர் என்ற கருவியால் சுருக்கிய நகல். எம்இ-யை மொத்தமாக அழித்தால் அந்தத் தலைமுறை லேப்டாப் அரைமணி நேரத்தில் தானே அணைந்துவிடும். ஆகவே அந்தக் கருவி இயந்திரத்தை எழுப்பத் தேவையான ஒன்றிரண்டு பகுதியை விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துவிடும்.

பவர் போட்டோம். திரை கறுப்பு. மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன்: ஒன்று, இரண்டு, மூன்று. முதல் தடவை ரேமைப் பழக்கிக்கொள்ள கோர்பூட் சில விநாடி கூடுதலாக எடுக்கும் என்று படித்திருந்தேன், இருந்தாலும் கை பவர் பட்டன் பக்கம் போனது. ஏழோ எட்டோ எண்ணியபோது திரையில் எழுத்து வந்தது. இரண்டாம் தடவையிலிருந்து அந்தத் தாமதம் இல்லை. ஏஆர்9462 கார்டை மாட்டினோம். 1802 வரவில்லை. நேரே டெபியன்.

இரண்டாவதும் அப்படியே முடிந்தது. மறுநாள் மூன்றாவது. அதன் கீழ்ச் சிப்பின் கால்களில் பச்சைப் பூப்பு இருந்தது. அப்போது கடைக்கு ஒரு வாடிக்கையாளர் வந்ததால் நான் முன்பக்கம் போனேன். தம்பி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷும் வைத்துத் துடைத்து, படித்து, எழுதி முடித்துவிட்டான். நான் திரும்பி வந்தபோது அதுவும் பூட் ஆகி நின்றது. சந்தோஷமாக மூன்றையும் மூடி அனுப்பினோம்.

சுவிட்சில் வந்த குளறுபடி

ஆகஸ்ட் 9 அன்று டெபியன் 13 வந்தது. மாத இறுதியில் எல்லாவற்றையும் அதற்கு ஏற்றுவதற்காக வாசகசாலைக்குப் போனேன். பெரிய டவுன்லோடு என்பதால் வைஃபையை விட்டுவிட்டு, நான்கையும் கேபிளில் சுவிட்சோடு மாட்டினேன். ஒன்றும் நான்கும் ஒழுங்காக இறங்கின. இரண்டாவதில் ஓடும்போது மூன்றாவதில் நிற்கும். மூன்றாவதில் ஓடும்போது இரண்டாவதில் நிற்கும். இரண்டு பிள்ளைகள் ஒரே ஊஞ்சலுக்குச் சண்டை போடுவது மாதிரி.

கேபிளை மாற்றினேன். சுவிட்சில் வேறு இடத்தில் மாட்டினேன். கேபிள் பொருத்துமிடத்தில் உப்பு என்று துடைத்தேன். ஒருமணி நேரம் போனது. கடைசியில் ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தால், கேபிளில் நான்கு இயந்திரம் மாட்டியிருந்தும் பட்டியலில் மூன்றுதான் இருந்தன. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் ஒரே மேக் முகவரி. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இருக்க வேண்டிய நெட்வொர்க் அடையாள எண் அது. ரவுட்டரும் இரண்டுக்கும் ஒரே ஐபியைக் கொடுத்திருந்தது.

மேக் முகவரி, கீழ்ச் சிப்பில் உள்ள அந்தச் சின்ன ஈதர்நெட் பகுதியில் இருக்கிறது. மூன்றாவதில் இரண்டாவதன் நகல் ஏறியிருக்கிறது என்று புரிந்தது. எப்படி? நகல்தான் சரிபார்க்கப்பட்டதே.

தம்பியின் லேப்டாப்பில் கட்டளை வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தோம். பச்சை பூத்த காலில் கிளிப் சரியாக உட்காததால், மூன்றாவதை முதலில் படித்தபோது சிப்பே இல்லை என்று சொல்லி பிளாஷ்ராம் வெளியேறியிருக்கிறது. கோப்பு எதையும் எழுதவில்லை. ஆனால் அவன் நின்றிருந்த கோப்புறையில் முந்தின நாள் இரண்டாவதற்காகப் படித்த இரண்டு கோப்பும் அதே பெயரில் கிடந்தன. அடுத்த வரியில் எஸ்எச்ஏ256 சரிபார்ப்பு. இரண்டு எண்ணும் ஒன்று. ஒன்றாக இருக்காமல் எங்கே போகும், இரண்டுமே இரண்டாவது லேப்டாப்பின் கோப்புகள்தானே. அப்புறம் காலைத் துடைத்தான், கிளிப் உட்கார்ந்தது, மறுபடி படிக்காமல் நேரே எழுதிவிட்டான். எழுதியது சரியாகவே எழுதப்பட்டது, ஒத்துப்பார்ப்பும் தேறியது. மூன்றாவது லேப்டாப்பின் கீழ்ச் சிப்பில் முதலில் என்ன இருந்ததோ அது இனி எங்கும் இல்லை.

தம்பி முகம் சுண்டிப்போனது. "அண்ணே, நான் பாத்துத்தான் செஞ்சேன்." பார்த்துத்தான் செய்தான். சரிபார்ப்பு முறையை வகுத்தது நான். இரண்டு கோப்பும் ஒன்றா என்று கேட்கச் சொன்னேனே தவிர, இந்தக் கோப்பு இந்த இயந்திரத்துடையதா என்று கேட்கச் சொல்லவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்புறை போடச் சொல்லவும் இல்லை.

நல்லவேளை, மூன்றாவதன் பழைய மேக் முகவரி அதன் எஸ்எஸ்டியிலேயே கிடைத்தது. மே மாதத்தில் டெபியன் முதன்முதலாக எழுந்த நாளின் பதிவில், ஈதர்நெட் டிரைவர் தன் வழக்கப்படி முகவரியை ஒரு வரியில் எழுதி வைத்திருந்தது. அதை வைத்து மாற்றினோம். இந்த வகை இன்டெல் ஈதர்நெட்டில் அந்தப் பகுதியின் முதல் ஆறு பைட்டுதான் மேக் முகவரி. ஆனால் அதை மட்டும் மாற்றினால் போதாது. முதல் 64 சொற்களை (இரண்டு பைட்டு சேர்ந்தால் ஒரு சொல்) கூட்டினால் பதினாறடிமான எண்முறையில் பிஏபிஏ (BABA) என்று வர வேண்டும். பாபா வந்தால்தான் டிரைவர் ஏற்கும் என்று தம்பி அதற்குப் பெயர் வைத்தான். அதே பகுதிக்கு 4 கேபியில் இரண்டு பிரதி உண்டு என்பதையும் கவனிக்க வேண்டும். கோர்பூட்டை வைத்துச் செய்யும் லிப்ரெபூட் திட்டத்தில் இதற்கென்றே ஒரு சின்னக் கருவி இருப்பதால் கூட்டல் கணக்கை நாங்கள் போட வேண்டியிருக்கவில்லை. மறுபடி கிளிப், மறுபடி துரு ஸ்குரூ. இந்த முறை படித்த கோப்பின் பெயரில் லேப்டாப்பின் எண்ணும் நேரமும் இருந்தன.

இதில் எனக்கு உறுத்துவது வேறு. 1802-ஐத் தீர்க்க மேல் சிப்பை மட்டும் மாற்றினால் போதும். கீழ்ச் சிப்பைத் தொட்டதற்கு ஒரே காரணம் எம்இ-யைச் சுருக்கும் ஆசை. வாசகசாலையில் அதைக் கேட்டவர் யாரும் இல்லை.

பேட்டரி: மறந்துபோன மூன்றாவது சிப்

செப்டம்பரில் இரண்டு லேப்டாப்பின் பேட்டரி ஓய்ந்தது. நாகர்கோவிலில் வாங்கிய டூப்ளிகேட் பேட்டரியை மாட்டினால் சார்ஜ் ஏறவில்லை. திறந்த ஃபர்ம்வேர் போட்டாயிற்றே, பிறகு ஏன் என்று செயலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. இந்த மாடலில் பேட்டரியைச் சோதிப்பது பயாஸ் இல்லை. கீபோர்டு, ஃபேன், சார்ஜிங் எல்லாம் பார்க்கிற எம்பெடட் கன்ட்ரோலர் தனிச் சிப். அதற்குத் தனி நிரல். கோர்பூட் அதைத் தொடுவதே இல்லை. பேட்டரிச் சோதனையை எடுக்கிற திருத்தம் உண்டு, ஆனால் அதைத் தயாரிப்பாளரின் பயாஸ் இருக்கும்போதுதான் ஏற்ற முடியும். கோர்பூட் போடுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை.

ஒன்றாவது லேப்டாப்பில் மட்டும் பின்னோக்கிப் போனோம். எடுத்துவைத்த நகலால் பழைய பயாஸைத் திரும்ப ஏற்றி, கன்ட்ரோலரைத் திருத்தி, மறுபடி கோர்பூட். அரை நாள். பேட்டரி ஏறியது. இரண்டாவதற்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று விட்டோம். அது சுவர் ஓரத்தில் சார்ஜரிலேயே நிற்கிறது. கரண்டு போனால் அணையும்.

ஐந்தாவது லேப்டாப்

புதிய லேப்டாப்பில் இரண்டு பிரச்சினை. முதலாவது பூட். விண்டோஸ் பக்கத்தில் டெபியன் போட்டோம்; பூட் வரிசையில் டெபியன்தான் முதலில் என்று கட்டளை காட்டியது. அணைத்துப் போட்டால் விண்டோஸ். மறுபடி வரிசையைச் சரிசெய்தால் மறுபடி விண்டோஸ். அந்தப் பயாஸ், வரிசையில் என்ன எழுதியிருந்தாலும் விண்டோஸின் பூட் கோப்பைத்தான் தேடிப் போனது. பயாஸுக்கு சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்ட பிறகுதான், நம்பகமான பூட் கோப்பைத் தேர்ந்தெடுக்கும் வழி மங்கல் நீங்கித் திறந்தது. டெபியனின் கோப்பைக் காட்டிக் கொடுத்தோம். கையெழுத்திட்ட பூட் கோப்பை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் என்ற ஏற்பாட்டை அணைக்காமலே ஓடியது. பயாஸில் எதையும் தொடுவதற்கு முன் விண்டோஸின் பிட்லாக்கர் என்ற டிஸ்க் பூட்டின் மீட்புச் சாவியை நோட்டில் எழுதி வைத்தோம். இந்த வரிசை லேப்டாப்புகளில் சொந்தக்காரருக்கே தெரியாமல் அந்தப் பூட்டு இயங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

இரண்டாவது பிரச்சினை தூக்கம். ஒரு ராத்திரி 80 சதவீதத்தில் மூடி வைத்த லேப்டாப் காலையில் செத்துக் கிடந்தது. தொட்டால் சூடு. லினக்ஸில் எந்தெந்தத் தூக்க நிலை உண்டு என்று கேட்டால் எஸ்2ஐடில் ஒன்றைத்தான் காட்டியது. பழைய நான்கிலும் உள்ள எஸ்3, அதாவது ரேமுக்கு மட்டும் மின்சாரம் விட்டுவிட்டு மற்றதெல்லாம் அணையும் தூக்கம், இதன் பயாஸில் இல்லவே இல்லை. எஸ்2ஐடிலில் இயந்திரம் கண்ணை மூடிப் படுத்திருக்குமே தவிர தூங்காது. எந்தப் பாகமாவது ஓய்வுக்குப் போக மறுத்தால் பேட்டரி கரைந்துகொண்டே இருக்கும். இன்ன பாகம் என்று இரண்டு சாயங்காலம் தேடினேன். பிடிபடவில்லை.

மாற்று வழி ஹைபர்னேட், அதாவது ரேமில் உள்ளதை எஸ்எஸ்டியில் எழுதிவிட்டு முழுதாக அணைவது. ஆனால் செக்யூர் பூட் இயங்கும்போது டெபியனின் கெர்னல் ஹைபர்னேட்டை அனுமதிக்காது. செக்யூர் பூட்டை அணைக்கலாம். அப்படியானால் விண்டோஸ் பக்கம் மீட்புச் சாவி கேட்கத் தொடங்கும். பலர் தொடும் இயந்திரத்தில் அந்தக் குழப்பம் வேண்டாம் என்று முடிவெடுத்தோம். ராத்திரி பூட்டும்போது அணைத்துவிட வேண்டும், மூடி மட்டும் வைக்கக் கூடாது என்று செயலாளர் ஒரு தாளில் எழுதி ஒட்டினார். தொழில்நுட்பத் தீர்வு என்று சொல்ல முடியாது. வேலை செய்கிறது.

தயாரிப்பாளரின் பயாஸ் அப்டேட் விண்டோஸில் ஓடும் கோப்பாக மட்டுமே வந்தது. லினக்ஸிலிருந்தே ஃபர்ம்வேர் அப்டேட் செய்ய எஃப்டபிள்யூயுபிடி என்ற கருவி உண்டு, பல கம்பெனிகள் தங்கள் அப்டேட்டை அதற்காகக் கொடுக்கின்றன. இந்த மாடல் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால்தான் விண்டோஸை அழிக்காமல் வைத்தோம். செக்யூர் பூட்டுக்கு அடிப்படையான மைக்ரோசாப்டின் 2011 சான்றிதழ்கள் 2026 ஜூனிலிருந்து காலாவதியாகத் தொடங்குவதால், இப்படிப்பட்ட அப்டேட்டுகளைத் தவிர்ப்பதும் சரியல்ல. அக்டோபரில் ஒரு அப்டேட் போட்டோம். தூக்கம் திருந்தவில்லை. நாங்கள் காட்டிக் கொடுத்த நம்பகமான கோப்பு மட்டும் அழிந்து, மறுபடி விண்டோஸ். தம்பி ஐந்து நிமிடத்தில் திரும்பச் சேர்த்துவிட்டான், பாஸ்வேர்டு அவனிடம் இருந்ததால்.

இதற்கும் கோர்பூட் போட்டால் என்ன என்று பிள்ளைகளில் ஒருவன் கேட்டான். பூட் கார்டு பூட்டியிருக்கிறதா என்று சோதித்தோம். பூட்டியிருந்தது.

2025 டிசம்பர் நிலவரம்

ஐந்தும் ஓடுகின்றன. கோர்பூட் போட்ட மூன்றிலும் வைஃபை அறுவது நின்றுவிட்டது. டாங்கிள் போட்ட நான்காவதிலும் நின்றுவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் பயந்த மாதிரி எந்தப் பிள்ளையும் டாங்கிளை இதுவரை ஒடிக்கவில்லை. பவர் போட்டு லினக்ஸ் தேர்வுத் திரை வருவதற்குள், கோர்பூட் உள்ளவை நான்காவதைத் தெளிவாக முந்துகின்றன. அதனால் சாயங்காலம் வருகிறவர்கள் அவற்றைத்தான் முதலில் பிடிக்கிறார்கள். ஐந்தாவதன் மேல் இருந்த மோகம் குறைந்துவிட்டது. காலையில் அது சார்ஜ் இல்லாமல் கிடந்த நாட்கள் பிள்ளைகளுக்கு ஞாபகம் இருக்கிறது.

இனி ஒருமுறை செய்தால்

டாங்கிளை முதலில் வாங்கி ஒரு மாதம் ஓட்டிப் பார்ப்பேன். அதன் பிறகும் கோர்பூட் போட ஆசை இருந்தால், அதை ஆசை என்றே சொல்லி, என் சொந்த லேப்டாப்பில் முதலில் போடுவேன். வாசகசாலையின் கீழ்ச் சிப்பைத் தொட மாட்டேன். எம்பெடட் கன்ட்ரோலரையும் பேட்டரியையும் முதல் நாளே பார்ப்பேன்.

நகல் எடுக்கும் முறை மாறிவிட்டது. ஒவ்வொரு லேப்டாப்புக்கும் காலியான தனிக் கோப்புறை. படிக்கும் முன் லினக்ஸில் மேக் முகவரியை எழுதிக்கொள்வோம். படித்த கோப்பைத் திறந்து, அதே முகவரி உள்ளே இருக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகுதான் எழுதுவோம். அப்படிச் சரிபார்த்த நகல்கள் இரண்டு பென்டிரைவில் இருக்கின்றன, ஒன்று என் கடையில், ஒன்று செயலாளர் வீட்டு அலமாரியில், சிலிக்கா பை போட்ட டப்பாவுக்குள்.

தம்பி இன்னும் இரண்டு வருஷத்தில் படிப்பு முடித்துப் போய்விடுவான். அதற்குள் இன்னொருவர் கிளிப் பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று செயலாளர் சொன்னார். பன்னிரண்டாவது படிக்கும் ஒரு பெண் பெயர் கொடுத்திருக்கிறாள். மூன்று லேப்டாப்பின் பேட்டரிக் குழிக்குள்ளும் ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம்: லேப்டாப் எண், மேக் முகவரி, எந்தச் சிப்பில் என்ன இருக்கிறது, எந்தத் தேதியில் போட்டது. மூன்றாவதன் சீட்டில் மட்டும் ஒரு வரி கூடுதல்: கீழ்ச் சிப்பின் அசல் நகல் இல்லை.